எந்தக் கணக்குத் தலைப்பில் ஓர் ஆலோசகர்?

பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பெற்றோரைக் கேட்டால் முதலில் சுற்றுச்சுவர் என்பார்கள். அடுத்து கழிப்பறை, குடிநீர்த் தொட்டி, மழைக்கு ஒழுகாத கூரை. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக் குழுவுக்கு நான் தலைவரானேன். எங்கள் முதல் சில கூட்டங்களின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினால் இந்தப் பட்டியலைத் தவிர வேறெதுவும் இருக்காது; பிள்ளைகளின் மனநலத்துக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்ற பேச்சே இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகளுக்குப் போதிய கழிப்பறை இல்லாத பள்ளியில் வேறு எதை முதலில் பேசுவது?

அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கிய நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் அடிக்கடி மயங்கி விழத் தொடங்கினாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் வெறும் வயிற்றோடு வருவது வழக்கம்தான். பிறகு இரத்தசோகையாக இருக்கும் என்றார்கள். 108 ஆம்புலன்ஸில் அழைத்துச் சென்றபோது எடுத்த பரிசோதனைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. பாட்டி தன் பங்குக்குத் திருநீறு மந்திரித்து வாங்கி வந்தார். விஷயத்தைப் பிடித்தவர் வகுப்பாசிரியை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு தேதிகளை ஒப்பிட்டிருக்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மா மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார்; அவர் பஸ் ஏறிப் போன பிறகு வரும் நாட்களில்தான் மயக்கம் வருகிறது. அப்பா இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

அந்த மாணவியும் அவளுடைய அம்மாவும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"மாத்திரையால் தீருகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. யாராவது அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும்" என்றார் தலைமையாசிரியை. யார் பேசுவது என்பதில்தான் சிக்கல். காகிதத்தில் பார்த்தால் எங்கள் பள்ளியிலேயே அதற்கு ஆள் உண்டு. ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் 2020-இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவர்கள் நடத்த வேண்டிய 11 பாடத் தலைப்புகளில் உணர்ச்சி நலமும் மனநலமும் ஒன்று. எங்கள் பள்ளியில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் மாறுதலில் போய்விட்டார். இன்னொருவர் மூன்று வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டு, இடைவேளைகளில் எமிஸ் என்ற கல்வித் துறைத் தரவுத் தளத்தில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வண்டியில் வந்து எடை, கண், பல் பார்க்கும். அவர்களுடைய பட்டியலில் கற்றல் குறைபாடும் கவனக்குறைவுக் கோளாறும்கூட இருக்கின்றன. ஒரே நாளில் நானூறு பிள்ளைகளைப் பார்த்து முடிக்க வேண்டிய மருத்துவர் எந்தப் பிள்ளையின் மனதுக்குள் எட்டிப் பார்ப்பார்?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பாட்டிக்கு நூறு நாள் வேலைக் கூலி போகும், பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்டார், வாரந்தோறும் அழைத்து வரச் சொன்னார். அது நடக்கிற காரியமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். மாவட்ட மனநலத் திட்டக் குழு வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எங்கள் தாலுகா மருத்துவமனைக்கே வருகிறது என்பது ஒரு செவிலியர் போகிறபோக்கில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது ஒரே பஸ் தூரம். மருத்துவமனைச் சுவரில் அந்த நாளை எழுதியும் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் குழுவின் உளவியலாளர் அவளோடு பேசத் தொடங்கிய பிறகு மயக்கம் குறைந்தது. பாட்டியையும் அம்மாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஊரிலிருந்து கிளம்பும்போது பிள்ளை தூங்குகிறாளே என்று அம்மா சொல்லாமல் போவது வழக்கமாக இருந்திருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னார். தினமும் இரவு ஒரே நேரத்தில் போனில் பேசச் சொன்னார். வகுப்பாசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்: மயக்கம் வந்தால் கூட்டம் கூட வேண்டாம், பக்கத்தில் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். இவ்வளவுதான் சிகிச்சை. பெரிய கருவி ஏதும் இல்லை.

பிறகு அந்த உளவியலாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர் ஒப்பந்த அடிப்படையில் இருந்தவர். பணியிடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்தது. மயக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் நான் சுற்றுச்சுவரை விட்டுவிட்டு பள்ளிக்கு ஓர் ஆலோசகர் என்ற கோரிக்கையின் பின்னால் போனேன்.

எங்கள் கைக்கு வரும் பணத்திலிருந்தே தொடங்கினேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 250-க்கு மேல் 1,000 வரை மாணவர்கள் இருந்தால் ஆண்டுக்கு 75,000 ரூபாய். எங்களிடம் ஏறத்தாழ 400 பேர். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய்கூட வராது. அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். மீதியில் சுண்ணக்கட்டி, பதிவேடுகள், பழுதான மின்விசிறி, ஆய்வகப் பொருள்கள். இதில் ஓர் ஆலோசகருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் விதி இல்லை. இந்தத் திட்டத்தின் செலவு மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் 60:40 என்ற பங்கு. மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றது நினைவிருக்கும். பெரியவர்களின் வழக்கில் குழந்தைகளின் பணம் மாட்டிக்கொண்டது என்பதைத் தவிர நான் அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

பிறகு மாநிலக் கணக்கைப் பார்த்தேன். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறைக்கு 46,767 கோடி ரூபாய். வேறு எந்தத் துறையோடு ஒப்பிட்டாலும் இது பெரிய தொகைதான். இதில் பெரும்பங்கு சம்பளம். கட்டடங்களுக்கு என்று தனியாக, பேராசிரியர் அன்பழகன் பெயரிலான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவிடப்படும் என 2022-இல் அறிவித்தார்கள். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும் வந்தது. இவை வீண் என்று நான் சொல்லவில்லை. என் மகளே புதிய வகுப்பறையில்தான் உட்காருகிறாள். ஆனால் இந்த வகைச் செலவில் அரசுக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. படம் எடுக்கலாம், கல்வெட்டு வைக்கலாம். ஒரு பணியிடத்தை உருவாக்கினால் அது முப்பது ஆண்டுச் செலவு, அதன் பிறகு ஓய்வூதியம். நிதித் துறை பயப்படுவது இதற்குத்தான்.

மத்திய அரசின் கணக்கிலும் இதே சாயல்தான். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவைக்கு 2023-24-இல் சுமார் 134 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டு 90 கோடி. அதே 2023-24-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற ஒரு மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்துக்கு 700 கோடிக்கு மேல். நிம்ஹான்ஸ் சிறந்த நிறுவனம், அதற்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பாட்டியால் பெங்களூருக்குப் போக முடியாது.

தேவை எவ்வளவு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 2015-16-இல் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி 13 முதல் 17 வயதுக்குள் இருப்பவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. எங்கள் பள்ளியில் அந்த வயதினர் ஏறத்தாழ 200 பேர். அப்படியானால் பதினான்கு பதினைந்து பேர். எங்களுக்குத் தெரிந்தது மயங்கி விழுந்த ஒருத்தியை மட்டும்தான். சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் யாருடைய பதிவேட்டிலும் வரமாட்டான்.

மாவட்டத் தலைநகரில் ஓர் அதிகாரியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. நல்ல மனிதர், தேநீர் வரவழைத்துக் கொடுத்துப் பேசினார். ஒவ்வொரு பெரிய பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும் என்ற எங்கள் தீர்மானத்தை முழுவதும் படித்தார்.

"அம்மா, நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் இதை எந்தக் கணக்குத் தலைப்பில் காட்டுவது? உளவியலாளர் என்றால் அது மருத்துவத் துறை. அவர்கள் ஆளைப் பள்ளிக்குள் எங்களால் நியமிக்க முடியாது. பள்ளி வளாகத்துக்குள் பணியிடம் என்றால் அது எங்கள் துறை. அவர்களால் முடியாது."

இந்த ஒரு பதிலில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தில் ஒப்புதல் கேட்பதை மானியக் கோரிக்கை என்பார்கள். அதில் பள்ளிக் கல்வி எண் 43. மருத்துவம், மக்கள் நல்வாழ்வு எண் 19. இரண்டு துறைகளின் கொள்கை விளக்கக் குறிப்புகளும் தமிழிலேயே வருகின்றன, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். படித்துப் பாருங்கள். 43-இல் கற்பித்தல், கட்டடம், விலையில்லாப் பொருள்கள். 19-இல் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, தடுப்பூசி. பள்ளியில் இருக்கும் பிள்ளையின் மனம் இரண்டிலும் ஓரிரு பத்திகளில் வருகிறது. இரண்டிலுமே அது அடுத்தவர் வேலை என்ற தொனி. யாரும் மறுக்கவில்லை, அதனால் யாரையும் கேள்வி கேட்கவும் முடியவில்லை.

ஆனால் அந்த அதிகாரி சொன்னதற்குப் பதில் எங்கள் பள்ளி வளாகத்திலேயே இருந்தது. சத்துணவு அமைப்பாளர் யாருடைய ஊழியர்? பள்ளிக் கல்வித் துறையின் ஊழியர் அல்லர். சமூக நலத் துறை, மானியக் கோரிக்கை எண் 45. காமராசர் காலத்தில் மதிய உணவு தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் பணம் எங்கிருந்து வரும் என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் நிதி அறிந்தவர்கள்தான், அவர்களுடைய கேள்வியில் தப்பில்லை. ஆனாலும் திட்டம் நிலைத்தது. அதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். என் கண்ணில் படுவது ஒன்றே: ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் என்று ஆள் வைத்தார்கள். அரிசியை மட்டும் அனுப்பிவிட்டு ஆசிரியரையே சமைக்கச் சொல்லியிருந்தால் அது இரண்டு ஆண்டு தாங்கியிருக்காது. மனநலத்தில் நாம் இப்போது செய்வது ஏறக்குறைய அதுதான். கையேடு அனுப்புகிறோம், காணொளி அனுப்புகிறோம், பயிற்சி என்று இரண்டு நாள் அழைக்கிறோம்; வேலையை ஏற்கெனவே வேலை நிறைந்தவர் தலையில் வைக்கிறோம்.

இதை அதிகாரியிடம் சொன்னபோது சிரித்தார். "இதை எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தோம்.

தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தால் என்ன என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். உடனடியாக நடக்கக்கூடியது அதுதான் என்பது உண்மை. ஆனால் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடிய பிறகும் 12,500 ரூபாயில்தான் நின்றார்கள். ஓவியமும் உடற்கல்வியும் சொல்லித் தருகிறவரே இப்படிக் கலங்கி நின்றால் பிழைப்பைத் தேடி வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆலோசகர் போனால் நிலைமை இன்னும் மோசம். கணக்கு வாத்தியார் மாறினால் புதியவர் விட்ட பாடத்திலிருந்து தொடரலாம். ஒரு பிள்ளை யாரிடமும் சொல்லாததை ஒருவரிடம் சொல்லியிருக்கிறது. அவர் போய்விட்டால் அடுத்தவரிடம் முதலிலிருந்து சொல்லாது. எங்கள் மாணவி புதிய உளவியலாளரிடம் வெகுநாட்கள் வாய் திறக்கவில்லை.

இனி மற்ற பள்ளிக் குழுக்களுக்கும் பெற்றோருக்கும் உதவக்கூடியதைச் சொல்கிறேன்.

விழிப்புணர்வு முகாம் கேட்காதீர்கள். கேட்டால் உடனே கிடைக்கும், அதுதான் ஆபத்து. ஒரு நாள், ஒரு பேச்சாளர், ஒரு பதாகை, ஒரு குழுப் படம், அதோடு உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகப் பதிவாகிவிடும். ஆள், இடம், நேரம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். புதிய பணியிடம் வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் மாவட்டக் குழு எந்த நாளில் எங்கே போகிறது என்பது ஒரு பயணத் திட்டம் மட்டுமே. அதை மாற்றப் புதிய நிதி வேண்டியதில்லை. மாவட்டத்தில் சுகாதாரத் திட்டங்களை நடத்தும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். முதன்மைக் கல்வி அலுவலரும் அவரிடம்தான் வர வேண்டும். 43-ம் 19-ம் ஒரே மேசையில் சந்திக்கும் இடம் மாவட்டத்தில் அது ஒன்றுதான். அதனால் மனுவை ஆட்சியருக்கு எழுதி, இரு துறைகளுக்கும் நகல் போடுங்கள்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மானியச் செலவைக் கண்காணிக்கும் வேலையைக் குழுவுக்குத் தருகிறது. பலருக்கு அது தெரியும். 22-ஆம் பிரிவைத்தான் யாரும் தொடுவதில்லை. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு தரும் மானியங்களுக்கும் திட்டங்களுக்கும் அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தத் திட்டத்தில் ஆலோசகர் என்ற சொல்லே இல்லையென்றால், பெற்றோர் யாரும் கேட்கவில்லையே என்று பின்னால் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். மாதாந்திரக் கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானத்தைப் பெற்றோர் செயலியில் ஏற்றுவதோடு விட்டுவிடாமல் கிராம சபையிலும் வையுங்கள். சுற்றுச்சுவருக்காகக் கை தூக்குகிறவர்கள் இதற்கும் தூக்குகிறார்கள். எங்கள் ஊரில் ஓர் அப்பா எழுந்து தன் மகனைப் பற்றிப் பேசினார். அதற்கு முன் அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்கலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, கடந்த ஆண்டில் குழு சென்ற பள்ளிகளின் பட்டியலின் நகல் என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில் ஒரே பக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த பேச்சுகளில் "எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது" என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கேட்பதற்குத் துணையாக இரண்டு ஆவணங்கள் கையில் இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதைவிட வலுவானது 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள். 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். அதற்குக் குறைவானவை வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பள்ளிகளுக்கும் அது பொருந்தும். செலவை யார் ஏற்பது என்பதில் அரசு தயங்கலாம். கடமை யாருக்கு என்பதில் இனி வாதம் கிடையாது.

பணமில்லாமல் பள்ளிக்குள்ளேயே செய்யக்கூடியவையும் உண்டு. தாலுகா மருத்துவமனைக்குக் குழு வரும் நாளைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். டெலி மானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098, மாநிலத்தின் 104 ஆகியவற்றை எழுதுவதற்கு முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசிப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னால்தான் பிள்ளைகள் நம்புவார்கள். பேசுவதற்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும். எங்கள் பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்து இரண்டு நாற்காலி போட்டோம். தலைமையாசிரியர் அறையின் ஒரு மூலையில் வைத்தால் ஒரு பிள்ளையும் வராது.

குழுக் கூட்டக் குறிப்பில் எந்த மாணவரின் பெயரையும் எழுத விடாதீர்கள். பெயர் இல்லாமலும் "ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு" என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஒன்றில் மட்டும் இரகசியம் காக்க முடியாது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிள்ளையிடம் பேசத் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுப் பிறகு புகார் கொடுத்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை ஒருவரையும் நம்பாது.

ஆசிரியர்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பெற்றோர் குழு இதைக் கையில் எடுத்ததும் தங்கள் மேல் குற்றம் சுமத்துவதாகச் சில ஆசிரியர்களுக்குத் தோன்றியது. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்று ஒரு பெற்றோர் உரக்கப் படித்தது நிலைமையை இன்னும் கெடுத்தது. அதே ஆசிரியர்கள்தான் வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு பிள்ளையின் துக்கத்தைக் கண்டுபிடித்தவர்களும். பதிவேற்றும் வேலையிலிருந்து அவர்களை விடுவியுங்கள் என்பதையும் எங்கள் கோரிக்கையில் சேர்த்த பிறகு ஆசிரியர் அறையில் எங்களுக்கும் நாற்காலி கிடைத்தது.

இப்போதைய நிலை இது. காலியாக இருந்த உளவியலாளர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறது, அதுவும் ஒப்பந்தத்தில்தான். அவர் மாதம் ஒருமுறை வட்டார வள மையத்துக்கு வருகிறார். சுற்றியுள்ள பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்கிறோம். நாங்கள் கேட்டது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நிரந்தரப் பணியிடம் பற்றி எந்த அசைவும் இல்லை. அந்த மாணவி பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், மயக்கம் எப்போதாவது வருகிறது.

பக்கத்துப் பள்ளிகளின் குழுக்களும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டால் கோப்பு வேகமாக நகரும் என்று ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் சொன்னார். எங்கள் வாசகம் இதுதான்:

"இப்பள்ளியில் ____ மாணவர்கள் பயில்கின்றனர். 25.07.2025 நாளிட்ட உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல்களின்படி, தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவருக்கான நிரந்தரப் பணியிடத்தை இப்பள்ளிக்கோ அல்லது அருகிலுள்ள பள்ளிகளுக்குப் பொதுவாகவோ தோற்றுவிக்கவும், அது நிறைவேறும் வரை மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் உளவியலாளர் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பள்ளி வேலை நேரத்தில் மாணவர்களைச் சந்திக்கும் வகையில் பயணத் திட்டத்தை மாற்றியமைக்கவும், அக்குழுவின் காலிப் பணியிடங்களின் விவரத்தை இக்குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்ள ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இக்கோரிக்கை பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுகிறது. நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்ட மனநலத் திட்ட அலுவலர், ஊராட்சி மன்றத் தலைவர்."

மாணவர் எண்ணிக்கையை நிரப்பி அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் எந்த அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.